கிளிநொச்சியிலை மைனஸ் 40

வா மருமோனே, இரு. கையிலை என்ன, தீப்பெட்டி அளவிலை? புளூடூத் ஸ்கானரோ? நல்லது. இனி லொறி உன்னோடை போனிலை கதைக்கும், மாமனைத் தேடி வரத் தேவையில்லை.

கொளுவ முதல் ஒண்டு கேக்கிறன். உன்ரை இசுசு எல்ப்பிலை பற்றறி எத்தினை? ரெண்டு. அப்ப 24 வோல்ட். உந்த மலிவுச் சாமான் 12 வோல்ட் காருக்கெண்டு செய்தது. கொளுவினவுடனை தானே புகைஞ்சு காட்டினாலும் காட்டும், அந்தப் புகைக்குக் கோளாறுக் கோட் நம்பர் இல்லை. 24ஐயும் தாங்கும் எண்டு பெட்டியிலை எழுதிக் கிடந்தால் கொளுவு. பிறகு, 16 ஊசிச் சொக்கற் இருக்கெண்டு துள்ளாதை. 1996இலை கார்களுக்கெல்லாம் ஒரே முறை எண்டு சட்டம் போட்டது அமெரிக்காக்காரன். யப்பான்காரன் தன்ரை ஊருக்குச் செய்த பழைய லொறி அதுக்குக் கட்டுப்படேல்லை. சொக்கற் ஒண்டுதான், உள்ளுக்கை கதைக்கிற பாசை வேறை.

பழைய யப்பான் லொறியள் பலதிலை மெசின் இல்லாமலே கோட் எடுக்கலாம், தெரியுமே? குறிப்பிட்ட ரெண்டு முனையைத் தொடுத்துவிட்டால் எஞ்சின் லைற் மினுங்கும். நீட்டு மினுக்கத்தைப் பத்தெண்டும் கட்டை மினுக்கத்தை ஒண்டெண்டும் எண்ணுறது வழக்கம். எந்த ரெண்டு முனை எண்டதை மட்டும் அந்த மொடலின்ரை புத்தகத்தைப் பாத்துச் செய். கண்ணை மூடிக்கொண்டு செய்யிறதெண்டால் கலியாணத்தைச் செய், வயரைத் தொடாதை.

சரி, கொளுவியாச்சு, என்னவாம் கோட்? பி 0118. எஞ்சின் தண்ணிச் சூடு மைனஸ் 40 காட்டுதோ? பரந்தன் வெயிலிலை! அதுக்குத்தான் புதுக் கொம்பியூட்டர் வாங்க வவுனியாவுக்குப் போப்போறியாக்கும். இஞ்சை கேள். கொம்பியூட்டர் எண்டது அறைக்குள்ளை படுத்த படுக்கையாக் கிடக்கிற கிழவி. பேரன் வந்து சொன்னால்தான் ஊர் நடப்புத் தெரியும், வராட்டித் தானே ஒரு கதை கட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணிச் சூட்டுச் சென்சர் சூடேறச் சூடேறத் தடை குறையிற சாமான், குளிர்ந்தால் தடை கூடும். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். உடனை கிழவி ‘ஐயோ, பனியிலை விறைக்கிறன்’ எண்டும். மைனஸ் 40தான் அந்தக் கணக்கின்ரை அடிமட்டம்.

இனிக் காசில்லாத வேலை ஒண்டு. ரெண்டு வயர்ச் சென்சர் எண்டால் சொக்கற்றைக் கழட்டி, வயர்ப் பக்கத்து ரெண்டு முனையையும் சின்னக் கம்பியாலை தொடுத்துப்போட்டுப் போனைப் பார். சூடு உச்சிக்குப் பாய்ஞ்சால் வயரும் கொம்பியூட்டரும் சுகம், சென்சரை மாத்து. அசையாமல் மைனஸ் 40இலையே நிண்டால் வயரைத் தேடு. மூண்டு வயர்ச் சென்சரிலை உந்த விளையாட்டு வேண்டாம்.

விடிய எஞ்சினை எழுப்ப முதல், சாவியை மட்டும் திருப்பிப்போட்டு வாசிச்சுப் பழகு. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த லொறியிலை தண்ணிச் சூடும் காத்துச் சூடும் ஏறக்குறைய ஒண்டாத்தான் இருக்கோணும். காத்தமுக்கம் 100 கிலோபாஸ்கல் அளவிலை நிக்கோணும். 80 எண்டு காட்டினால், ஒண்டில் சென்சர் பொய், இல்லாட்டி நீ நித்திரையிலை நுவரெலியாவுக்கு ஓடிப்போட்டாய்.

பி 0087 வந்தவுடனை டீசல் பம்பைக் கழட்டினவங்களையும் கண்டிருக்கிறன். றெயில் குழாயிலை அமுக்கம் காணாதெண்டுதான் அது சொல்லுது, பம்பு செத்துப்போச்செண்டு எங்கை சொன்னது? முதல் பில்ரரைப் பார். தண்ணியை வடிச்சு விடு. காத்து இழுக்குதோ எண்டு குழாய்ப் பூட்டுகளைத் தடவிப் பார். தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடைக்குள்ளை, ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எழுப்பிப்போட்டு மண்ணெண்ணையிலை மோட்டசைக்கிள் ஓடின ஊர் இது. அப்ப மூக்கும் காதும்தான் ஸ்கானர். ரெண்டும் உன்னட்டையும் கிடக்கு, ஒண்டிலை போனை ஒட்டிவைச்சிருக்கிறாய்.

கோட்டை எழுதி வைக்காமல் அழிக்கிற பழக்கத்தையும் விடு. அழிச்சால் கோளாறு வந்த நேரத்து வேகம், சூடு எல்லாம் பதிஞ்சு கிடக்கிற லொறியிலை அதுவும் சேர்ந்து போகும். முறிகண்டியிலை தேங்காய் அடிச்சாப்போலை லைற் அணைஞ்சதெண்டு சொன்னனி. பிள்ளையாரிலை எனக்கும் பக்திதான். ஆனால் கோளாறு தொடர்ந்து சில தரம் வராட்டி லைற் தானாகவும் அணையும், கோட் உள்ளுக்கை கிடக்கும். கிறவல் றோட்டுக் குலுக்கத்திலை தளர்ந்த சொக்கற் ஒண்டு ஒட்டியும் விட்டும் விளையாடுது எண்டுதான் நான் நினைக்கிறன்.

அதையும் விட்டால் இன்னொராள். நெல்லு ஏத்துற லொறி, ராத்திரி ஆலைக்குப் பக்கத்திலைதானே விடுறனி? சீற்றைக் கிளப்பி வயர்க்கட்டைப் பார், பல்லுத் தடம் தெரியும். சென்சர் வாங்கப் போற காசிலை எலிப்பொறி ரெண்டு வாங்கியா, ஒண்டு எனக்கு.