கண் உயரத்தைக் கூட்டிக்க, தாயி

என்ன தாயி, அரை மணி நேரமா பேனா மூடியக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க? வெத்தலைக்கு வழியில்லாத கிழவன்தான் இப்படி எதையாவது மென்னுக்கிட்டுத் திரிவான். கொண்டா பாக்கலாம்.

ஓ, 'ரெஃப்லெக்சி'யா! வருசக் கடைசி வந்தா பள்ளிக்கூடத்துல இது ஒரு சடங்கு. செஞ்ச புரோஜெக்கைத் திரும்பிப் பாத்து, என்னத்தக் கத்துக்கிட்டேன்னு ஒரு பக்கம் எழுதணும். இதுக்கா இந்த முழி? தாத்தா சொல்றேன், மலாயில மாத்தி எழுதிக்க: 'இந்தப் புரோஜெக்கின் வழி ஒற்றுமையின் பலத்தை அறிந்தேன். கணிதம் வாழ்வின் ஓர் அங்கம் என்று உணர்ந்தேன். வழிகாட்டிய ஆசிரியருக்கு நன்றி.' முடிஞ்சு போச்சு. அப்படியே கூட்டாளிங்களுக்கும் அனுப்பிடு. கணக்கைக் கொடுத்தா ஆளுக்கு ஒரு விடை வருது உங்களுக்கு. உணர்ச்சி மட்டும் முப்பது பேருக்கும் ஒரே மாதிரி வந்துடுது பாரு, அது பெரிய அதிசயம்.

சிரிக்காத. இது உங்க குடும்பச் சொத்து. உன் சித்தப்பன் படிவம் அஞ்சு படிச்சப்போ கூடுதல் கணக்குக்குன்னு ஒரு 'கெர்ஜா புரோஜெக்' இருந்துச்சு. அதுலயும் கடைசியில ரெஃப்லெக்சிதான். கவிதையா வேணும்னாலும் எழுதலாம்னு விட்டுட்டாங்க. கணக்கை இங்கிலீசுல நடத்துன காலம் அது. பய கூடுதல் கணக்கையே காதலியா வச்சு, உன்னால ராத்தூக்கம் போச்சுன்னு இங்கிலீசுல உருகியிருந்தான். நோட்டைப் பாத்துட்டு உன் பாட்டி, புள்ள எவ பின்னாலயோ சுத்துறான்னு மாரியம்மனுக்கு முடிஞ்சு வச்சா. பாத்தா எதிர்வீட்டுப் பையன் நோட்டுலயும் அதே கவிதை, அதே ராத்தூக்கம். எஸ்.பி.எம். முடிவு வந்தப்போ அந்தக் காதலி ரெண்டு பேரையும் கைவிட்டுட்டா.

டீச்சரம்மாவச் சொல்லி என்ன பண்ண? அவங்களுக்கும் தினப்படி பாடக்குறிப்போட அடியில ரெஃப்லெக்சி எழுதுற தலையெழுத்து இருக்கு. '30 பேரில் 25 பேர் நோக்கத்தை அடைந்தனர்.' மழை பேஞ்சாலும் 25, பாதி வகுப்பு விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தாலும் 25. மிச்சம் அஞ்சு பேர் யாரு, எந்த இடத்துல வண்டி நின்னுச்சுன்னு எழுதுனா அது ரெஃப்லெக்சி. ஆனா அவங்க நிரப்ப வேண்டிய பாரம் அதோட முடியுதா? பாவம், விடு.

நீ செஞ்சதுக்கு வா. அரைவட்டப் பாகைமானி, அதுல ஒட்டுன ஸ்ட்ரோ, ஒரு நூலு, நூல் நுனியில உன் அப்பனோட மோட்டார் சைக்கிள்லேருந்து கழண்ட நட்டு. இந்தச் சாமானோட அஞ்சு பேரா நம்ம பின்பக்கத்துத் தென்னைய அளக்க வந்தீங்க. ஒருத்தி ஸ்ட்ரோ வழியாப் பாத்தா, ஒருத்தி எழுதினா, மூணு பேர் படம் புடிச்சாங்க. அஞ்சு பேரும் தே குடிச்சாங்க. அதுல மட்டும் ஒற்றுமையின் பலத்தை நானும் அறிந்தேன்.

மரத்துலேருந்து 10 மீட்டர் தள்ளி நின்ன. நூல் 50-ல தொங்குச்சு. 90-ல அதைக் கழிச்சு, பார்வைக் கோணம் 40 பாகைன்னு எடுத்த. அது சரி. பாதிப் பேர் அந்த 50-ஐயே எடுத்துக் குட்டையில விழுவாங்க, நீ விழல. முக்கோணக் கணக்குல வர்ற 'தான்' 40-க்கு 0.839, பத்தால பெருக்குனா 8.39. மரம் 8.4 மீட்டர்னு எழுதி, சிவப்பு மையில ரெண்டு கோடும் போட்டுட்ட.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். அளந்தப்போ நீ நின்னியா, தரையில படுத்திருந்தியா?

நின்னுதானே பாத்த? அப்ப அந்தக் கோணம் உன் கண்ணுலேருந்துதானே மேல போகுது? கண்ணுக்குக் கீழ இருக்கற மரம் எங்க போச்சு? அந்த விடை வரணும்னா கண்ணை மண்ணுல வச்சுல்ல பாத்திருக்கணும். நீ என்ன மண்புழுவா, கண்ணு?

வா வெளிய, இன்னொரு வழியும் காட்டுறேன். சதுரக் காகிதத்தக் குறுக்க மடி, 45 பாகை கிடைச்சுடும். அடிப்பக்கத்த மட்டமாப் புடிச்சுக்கிட்டு, சாய்ஞ்ச ஓரத்து வழியா மர உச்சி தெரியற வரைக்கும் பின்னால போ. கோழிக் கூண்டு இருக்கு, பாத்து. நின்னாச்சா? இப்ப தூரம் எவ்வளவோ, கண்ணுக்கு மேல மரமும் அவ்வளவுதான். தான், சைன் ஒண்ணும் வேணாம். எனக்கு 8.2 மீட்டர் வந்துச்சு, என் கண் உயரம் 1.5. கூட்டுனா 9.7. உன் 8.4-ஓட உன் கண் உயரம் 1.4-ஐக் கூட்டு. 9.8. ரெண்டு வழிக்கும் பத்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அது மட்டை காத்துல ஆடுனதுக்கு, இல்ல என் முதுகு கூனுனதுக்கு.

ஆக, உனக்கு ரெஃப்லெக்சி கிடைச்சாச்சு. கண் உயரத்தைக் கூட்ட மறந்தேன்னு எழுது.

என்னது, தப்பை எழுதுனா நிலை குறைஞ்சுடுமா? இதைச் சொல்லிக் கொடுத்தது யாரு? ஆறாம் ஆண்டுப் பரீட்சைய 2021-ல தூக்கிட்டாங்க. படிவம் மூணு பரீட்சைய 2022-ல தூக்கிட்டாங்க. டீச்சரே வகுப்புல வச்சுப் பாத்து ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் நிலை போடுறாங்க. புள்ள பயப்படாமக் கத்துக்கட்டும்னு செஞ்ச ஏற்பாடு. ஆனா பயத்தை யாரும் தூக்கல, பாரு. அது டியூசன் சென்டர் வாசல்ல பத்திரமா நிக்குது.

பேப்பர்ல போட்டிருந்தான். பீசான்னு ஒரு பரீட்சை, உலகம் பூரா உன் வயசு, பதினஞ்சு வயசுப் புள்ளைங்களுக்கு. மனப்பாடத்தக் கேக்க மாட்டான், இந்தத் தென்னமரம் மாதிரிதான் கேப்பான். 2018-ல நம்ம நாட்டுக்குக் கணக்குல 440. 2022-ல 409. வசதியான நாடுங்க சேந்து வச்சிருக்கற அமைப்போட சராசரியே 472. நடுவுல கோவிட் வந்து பள்ளிக்கூடத்தப் பூட்டினது மெய்தான். ஆனா நம்ம ஆளுங்க பண்ண ரெஃப்லெக்சி இருக்கே! அப்பன் டீச்சரச் சொன்னான், டீச்சர் கைப்பேசியச் சொன்னாங்க, கைப்பேசிக்கு வாயிருந்தா அப்பனச் சொல்லியிருக்கும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னா, எங்க கூடத்துல ஆடுறவங்களே மூணு பேரு.

தப்பை மறைச்சா என்ன ஆகும்னு தாத்தாவக் கேளு. பதினாறு வயசுல ரெங்கம் பக்கத்துல ஒரு ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டக் கத்தி புடிச்சவன் நான். இருட்டோட பெரட்டுக்குப் போயி, அப்புறம் நானூறு, ஐநூறு மரம். மரத்தோட சுத்தளவு இருபது அங்குலம் வந்தாத்தான் வெட்டுக்கு எடுப்போம். அதுல பாதிச் சுத்து வெட்டு, இடப்பக்கம் உசந்து வலப்பக்கம் இறங்கணும், சாய்வு 30 பாகை. பட்டைக்குள்ள பால் ஓடுற குழல் நேரா நிக்காது, மேல போகப் போக லேசா வலப்பக்கம் சாயும். அதான் இடமிருந்து வலமா இறக்கி வெட்டுனா நிறையக் குழல் வாய் திறக்கும். சாய்வு கம்மியாப் போனா பால் வழி மாறி மரத்துல வழியும், மங்குக்கு வந்து சேராது. கூடிப்போனா பட்டை வீணாகும்.

அந்த மைலோ டின்னையும் கத்தரிக்கோலையும் எடு. டின்னோட பாதிச் சுத்து எவ்வளவோ, அந்த அளவு அடிப்பக்கம் வச்சு, ஒரு முனையில 30 பாகை வர்ற மாதிரி காகிதத்துல செங்கோண முக்கோணம் வெட்டு. நிமிந்த பக்கம் இடது கைப் பக்கம் இருக்கட்டும். அப்படியே டின்னுல சுத்து. சாய்ஞ்ச ஓரம் வளைஞ்சு இறங்குது பாரு, அதான் பால்வெட்டு! பாதிச் சுத்து பத்து அங்குலம்னா எவ்வளவு இறங்கும்? தான் 30-க்கு 0.577. அப்ப 5.77, ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்களை மேய்க்கிற மண்டோர் ஒரு தகரத்த மரத்துல சுத்தி கோடு கிழிப்பாரு. அந்தத் தகரத்துக்குள்ள உன் படிவம் மூணு பாடம் மடிஞ்சு கிடந்திருக்கு, எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.

கோணத்த அளக்குற அளவுக்குத் தமிழ்ப்பள்ளியில பேரு பாகை. இடைநிலைப்பள்ளிக்குப் போனா டர்ஜா. 2003-ல கணக்கை இங்கிலீசுக்கு மாத்துனாங்க, டிகிரி ஆச்சு. 2009-ல அது வேணாம்னு அறிவிச்சு, அப்புறம் படிப்படியாப் பழையபடி ஆச்சு. இந்த ஜொகூர்ல வார லீவையே 2014-ல வெள்ளி, சனின்னு மாத்தி, 2025-ல மறுபடி சனி, ஞாயிறாக்கிட்டாங்க. இத்தனை மாத்தத்தையும் தாங்கிட்டோம். கணக்குல ஒரு மாறி மாறுனா மட்டும் அழுகை வருது உனக்கு. மரம் என்னமோ எல்லா மொழிக்கும் அதே 30-லதான் பால் கொடுத்துச்சு.

சரி, என் தப்புக்கு வர்றேன். அவசரத்துல கத்தி ஆழமா இறங்கிடும். பட்டைக்கு அடியில உயிர்ப்படலம் ஒண்ணு இருக்கு, அதுல கத்தி பட்டா மரத்துக்குக் காயம். மண்டோர் வர்றதுக்குள்ள மண்ணை எடுத்து அப்பி மறைச்சுட்டு அடுத்த மரத்துக்கு ஓடிடுவேன். கெட்டிக்காரன்னு நெனப்பு. வெட்டு இறங்கி முடிஞ்ச பட்டை மறுபடி வளரும். சில வருசம் கழிச்சு அதே பக்கத்துல திரும்ப வெட்டணும். வந்து பாத்தா, நான் மண்ணப்பி மறைச்ச இடமெல்லாம் கழலை கழலையாப் புடைச்சு நிக்குது. கத்தி ஓட மாட்டேங்குது. யார் பண்ணுன வேலைடான்னு மண்டோர் கேட்டாரு. அந்த நிரை நான் வந்த நாள்லேருந்து என் நிரை. என்னத்தச் சொல்றது? மரம் எழுதி வச்ச ரெஃப்லெக்சி அது, தாயி. யார்கிட்டயும் பாத்து எழுதுனதில்ல.

உங்க வகுப்புச் சுவத்துல நாலு படி ஒட்டியிருக்குன்னு சொன்னியே: புரிஞ்சுக்க, திட்டம் போடு, செஞ்சு பாரு, சரிபாரு. அது போல்யான்னு ஹங்கேரியில பொறந்த ஒரு கணக்கு வாத்தியார் 1945-ல போட்ட புத்தகத்துலேருந்து வந்ததாமே. மூணு படி ஏறுனதும் விடை கையில வந்துடுது, நாலாவதுல யாரும் கால் வைக்கிறதில்ல. அந்த மனுசன் அங்க சொன்னது வெறுமனே விடையச் சரிபாக்கறதை மட்டுமில்ல. திரும்பிப் பாரு, வேற வழியில வருதான்னு பாரு, இந்த வழி இன்னொரு கணக்குக்கு உதவுமான்னு பாரு.

உதவுமான்னா உதவும். பால் மரத்த வெட்டிட்டு செம்பனை போட்டப்போ முளை அடிக்கப் போனேன். 27 மீட்டர் கயிறு, 9 மீட்டருக்கு ஒரு முடிச்சு. நுனி ரெண்டையும் சேத்து, மூணு பேர் மூணு முடிச்சப் புடிச்சு இழுத்தா சமபக்க முக்கோணம் தானா நிக்கும். சதுரமா நட்டா என்ன கேடுன்னு எனக்கு ஒரே குடைச்சல். ராத்திரி லயத்து வாசல்ல தீக்குச்சி அடுக்கிப் பாத்தேன். மரத்துக்கு மரம் அதே 9 மீட்டர்தான். ஆனா ஒரு ஹெக்டர்ல சதுரத்துக்கு 123 மரம், முக்கோணத்துக்கு 142. கயிறும் அதே, நிலமும் அதே, 19 மரம் கூட. அந்த ராத்திரிதான் எனக்கு முதல் தடவையா கணக்கு மேல ஆசை வந்துச்சு. கவிதை எழுதல. தீக்குச்சியத் தீத்துட்டேன்னு உன் பாட்டிகிட்ட ஏச்சு வாங்குனேன்.

எழுதிட்டியா? படி, கேப்போம்.

'மரம் 8.4 மீட்டர் என்று எழுதியிருந்தோம். அது தவறு. என் கண் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருந்ததை மறந்துவிட்டோம். சரியான விடை 9.8. தாத்தா வேறு வழியில் அளந்தபோது 9.7 வந்தது. இனிப் படம் வரையும்போது ஆளையும் வரைவேன், கண்ணுக்கு நேராக ஒரு கோடும் போடுவேன். எங்கள் குழுவில் இரண்டு பேர்தான் வேலை செய்தோம்.'

அடி சக்கை! கடைசி வரிக்குக் கூட்டாளிங்க சண்டைக்கு வருவாளுங்க. வரட்டும். வந்தா இந்தத் தடவை ஆளுக்கு ஒரு நூலும் நட்டும் கொடுத்து வெளிய விடு, தே அப்புறம் பாத்துக்கலாம்.

இதை ஒட்டுக் கேட்டுக்கிட்டிருக்கற அப்பன்மாரே, ஆத்தாமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. லீவு விட்டாச்சு. அடுத்த வருசப் பாடத்துக்கு இப்பவே டியூசன் தேடி அலையாதீங்க. புள்ளையோட இந்த வருச நோட்டைப் பிரிச்சு, சிவப்பு மை பட்ட ஒரே ஒரு கணக்கை எடுத்து, எங்க சறுக்குச்சுன்னு அதுகிட்டயே கேளுங்க. திட்டாமக் கேக்கணும், அதுதான் கஷ்டம். மரம் இங்கதான் குளுவாங்குல எங்க வீட்டுக்குப் பின்னால நிக்குது. சந்தேகம் இருக்கறவங்க வந்து அளந்துக்கலாம். கண் உயரத்தைக் கூட்ட மறந்துடாதீங்க.