கிணறு வெட்டிய ரசீது

கையில் ரசீதை வைத்துக்கொண்டு கிணற்றைக் காணோம் என்று சினிமாவில் புகார் கொடுக்க வந்த வடிவேலுவைப் பார்த்து நாடே சிரித்தது. ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் 2024இல் அதே நிலையில்தான் நின்றார்கள். 2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. யாரோடும் போட்டி போடாமல் தன்னந்தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தாக வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். கடையில் டிஸ்க்காக வாங்கியவருக்கும் மிஞ்சியது ஒரு பிளாஸ்டிக் வட்டம். அதோடு விட்டார்களா? அடுத்த சில நாட்களில் பலருடைய கணக்கிலிருந்து உரிமத்தையே பிடுங்கிக்கொண்டார்கள். ஓடாத விளையாட்டை என்னுடையது என்று சொல்லிப் பெருமூச்சு விடக்கூட வழியில்லை.

‘நாங்கள் விற்றது விளையாட்டை அல்ல, விளையாடும் உரிமத்தை. சம்மதம் என்று நீங்கள்தானே அழுத்தினீர்கள்?’ என்பது நிறுவனத் தரப்பு வாதம். சட்டப்படி அதில் வலு உண்டு. அந்தக் கால கேசட்டை வாங்கியவருக்கும் மென்பொருளின் காப்புரிமை கிடைத்துவிடவில்லை. ஆனால் அன்று கம்பெனிக்காரர் வீட்டுக்குள் வந்து கேசட்டை எடுத்துப் போக முடியாது. டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் பூட்டு வந்தபிறகு அவர் வரவே வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே முடித்துவிடுவார். ஆகவே பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, பூட்டும் கை யாருடையது என்பதே உடைமையைத் தீர்மானிக்கிறது. திருட்டுப் பிரதியைத் தடுக்கத்தான் பூட்டு என்பார்கள். பூட்டை உடைத்தவன் நிம்மதியாக விளையாடுகிறான். காசு கொடுத்தவன்தான் ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டி அனுமதி கேட்கிறான். இதே நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இன்னொரு ரத்தினமும் உண்டு: உரிமம் முடிந்ததும் கைவசமுள்ள பிரதிகள் எல்லாவற்றையும் வாங்கியவரே அழித்துவிட வேண்டுமாம். அடக்கச் செலவும் நம் தலையில்.

‘சர்வரை எத்தனை காலத்துக்கு ஓட்டுவது? மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது?’ என்ற கேள்வி நியாயமானது. காலமெல்லாம் ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. போகும்போது பூட்டைத் திறந்துவிட்டுப் போ என்பதுதான் கோரிக்கை. ராஸ் ஸ்காட் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கேட்பது இதைத்தான்; 2025 ஜூலைக்குள் அதன் மனுவில் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். செய்ய முடியாத காரியமா என்றால், எதிர்ப்பு கிளம்பிய பிறகு ‘தி க்ரூ 2’ விளையாட்டுக்கு இதே யூபிசாஃப்ட் இணையமில்லாமல் ஓடும் வழியைச் செய்து கொடுத்தது. அதுவும் முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தரலாம். சோனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ‘கான்கார்ட்’ இரண்டே வாரத்தில் படுத்துக்கொண்டது. வாங்கியவர்களுக்கெல்லாம் காசு திரும்பி வந்தது. கலிஃபோர்னியா வேறு வழியில் யோசித்தது. 2025 ஜனவரி முதல், கிடைப்பது உரிமம்தான் என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை, முன்கூட்டித் தண்டோரா போட்டால் போதும்!

இதற்கிடையில் ரசிகர்கள் சிலர் தாங்களாகவே ஒரு சர்வரை எழுதி, 2025 செப்டம்பரில் ‘தி க்ரூ’வை மறுபடி ஓட விட்டுவிட்டார்கள். விளையாட்டின் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் இப்போது ஜாலியாகக் கார் ஓட்டுகிறார்கள். ஒப்பந்தத்தை மதித்துக் கடைசிப் பிரதிவரை அழித்த யோக்கியர் எவராவது இருந்தால், அவருக்கு மட்டும் வண்டி இல்லை.