தெருப்பக்கம் சாயட்டும்

குந்து தம்பி. அந்த போனை மொதல்ல உள்ள வையி. காலையிலேர்ந்து நாப்பது படம் காட்டிட்டே. ஜப்பான்காரன் வாசல்ல செவப்பு எலை மரம், இத்தாலிக்காரன் வாசல்ல பென்சிலாட்டம் நெட்டுக்குத்தா ஒரு மரம். எல்லாம் சோக்காத்தான் கீது. அதுல எந்தப் படத்துலயாவது ரெண்டு பைக்கு, தண்ணித் தொட்டி மூடி, கரண்டு மீட்டர் பொட்டி, ஒன் மாமனார் செருப்பு கீதா? ஒன் வாசல்ல அத்தினியும் கீது. கேட்டுக்கும் படிக்கும் நடுவுல நாலடி, நீட்டுக்கு ஒம்போது அடி. நேத்து என் கைத்தடியை வெச்சு அளந்தேன். நீ 'கார்டன்'னு சொன்னப்போ ஒன் பொண்டாட்டி அந்தாண்ட திரும்பிக்கினு சிரிச்சுது. நீ பாக்கலை, நான் பாத்தேன்.

மகிழ மரம் வெக்கச் சொல்லி ஒன் மச்சான் சொன்னானாமே? வாசனைக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை, ஒத்துக்கறேன். ஆனா நம்ம திருவொத்தியூர் கதை தெரியுமா ஒனக்கு? சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கட்டிக்கச் சொல்லோ, ஒன்னை வுட்டுப் பிரியமாட்டேன்னு சத்தியம் பண்ணணும்னு பேச்சு. அவரு நேரா சாமிகிட்டப் போயி, நான் சத்தியம் பண்ற நேரத்துல நீ கருவறையில இருக்காதே, மகிழ மரத்தாண்ட போயிடுன்னு செட்டப் பண்ணிட்டாரு. சாமியும் சரின்னுட்டு, ராவுல பொண்ணு கனவுல போயி, மரத்தடியிலயே சத்தியம் வாங்கிக்கம்மான்னு சொல்லிட்டாரு! அப்பாலே திருவாரூர் நெனப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டினாரு, கண்ணு ரெண்டும் போச்சு. அந்தக் கோயில்ல இன்னிக்கும் மகிழடி சேவைன்னு நடத்துறாங்க. நீ வூடு கட்டச் சொல்லோ பொண்டாட்டிக்கு மாடியில தனி ரூம்னே, பால்கனியில ஊஞ்சல்னே. சாட்சிக்கார மரத்தை வாசல்லியே நட்டுக்கப் போறியா? அது வளந்தா கரண்டு கம்பியைத் தொடும், அது வேற.

சட்டுனு பச்சையா வளர்றது வோணும்னு கேட்டா ஒனக்கு அந்தக் கோனோகார்பஸைத் தலையில கட்டிடுவானுங்க. சோமாலியாப் பக்கத்துச் செடி. வேரு தண்ணிக் கொழாயைத் தேடிப் போவும், மகரந்தம் மூக்கைத் தேடி வரும். 2023-ல குஜராத்துக்காரன் தடை போட்டான், அப்பாலே நம்ம சர்க்காரும் வோணாம்னுடுச்சு. ஆனா காம்பவுண்டு ஓரம் கத்திரிச்சு வுட்டு அழகு பாக்குறவங்க இன்னும் கீறாங்க.

அரளி? ஹைவே நடுவுல நடுறதுக்குச் சரி, ஆடுமாடு வாய் வெக்காது. எலை, பூ, காம்பு எல்லாமே வெசம். ஒன் பையனுக்கு இப்பத்தான் பல்லு மொளைக்குது, செவுத்துச் சுண்ணாம்பைக்கூட வுட்டு வெக்க மாட்டேங்குறான். முருங்கைன்னா பேய் வரும்பாங்க. பேயைக் கூட வெரட்டிடலாம், கம்பளிப்பூச்சி வந்தா நீ வாசல்ல நிக்க முடியாது. கெளையும் காத்துல அப்பளமா ஒடியும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் வந்துச்சே, அன்னிக்கு எங்க தெருவுல மயில்கொன்னை ஒண்ணு மாருதி வேன் மேல படுத்துக்கிச்சு. கழுத்து வரைக்கும் சிமெண்டு போட்டு வெச்சா மரம் எந்தக் காலை ஊணி நிக்கும், சொல்லு?

சரி, வெளையாட்டு போதும். பவழமல்லி வையி.

இன்னா மூஞ்சி சுளிக்கிறே? பாட்டி செடியா? ஆமா, பாட்டி செடிதான். மட்டமா வெட்டி வுட்டா பத்தடிக்குள்ள நிக்கும். மழை தொட்டதும் பூக்க ஆரம்பிக்கும். ராத்திரி பூத்து, விடியறதுக்குள்ள தானே கொட்டிடும், பறிக்க ஏணி வோணாம். எலையைத் தடவிப் பாரு, தச்சன் தேய்க்கிற உப்புத்தாள் மாதிரி கீது. பூவுக்குக் கீழ ஒரு ஆரஞ்சுக் காம்பு இருக்கும் பாரு, அதை அந்தக் காலத்துல பட்டுக்குச் சாயம் போட எடுப்பாங்க. இந்தப் பேட்டைக்கு அது பொருத்தம்தானே? அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனி, துணியை வெளுக்குறதுக்குன்னு ஆளுங்களைக் குடி வெச்ச எடம் இது. நெய்யுறவங்களுக்குக் கவர்னர் காலெட் பேர்ல வடக்கே காலாடிப்பேட்டை. வெளுத்த ஊர்ல சாயக்காரி ஒருத்தி இருந்துட்டுப் போகட்டுமே. பூச்சி எப்பவாவது வரும், பொய் சொல்ல மாட்டேன்.

மீன்பாடி வண்டியில செடிக்காரன் செடி கொண்டாருவான். பூத்துக் குலுங்குறதைத் தொடாதே, மொட்டையா, தண்டு தடிச்சு நிக்கிறதை எடு. கறுப்புப் பையைக் கிழிச்சா வேரு இடியாப்பமாட்டம் சுத்திக்கினு இருக்கும். வெரலால பிரிச்சு வுடு, இல்லேன்னா அது செத்தாலும் அதே வட்டத்துலதான் சுத்தும். குழி ரெண்டடி தோண்டு. தோண்டச் சொல்லோ மண்ணு வராது. ஒடைஞ்ச செங்கல்லு, டைல்ஸ் துண்டு, ஒன் மேஸ்திரியோட பீடிக்கட்டுக் காயிதம், இதெல்லாம்தான் வரும். அத்தினியும் வெளிய கொட்டிட்டு, செம்மண்ணும் மக்குன எருவும் போடு.

தண்ணிதான் பெரிய பாடு. போர் தண்ணி ஊத்துன தொட்டி ஓரத்துல வெள்ளையாப் பூக்குதே, அது உப்பு. 2013-ல தண்டையார்பேட்டையில போர் தண்ணியில எண்ணெ வாசனை வந்த கதையெல்லாம் பாத்தவன் நான். ஆர்.ஓ. மிசின் வெளியத் தள்ளுற தண்ணியை வீணாப் போவுதேன்னு செடிக்கு ஊத்தாதே, அது உப்பை இன்னும் கட்டியாக்குனது. ஒன் ஏ.சி. பொட்டியிலேர்ந்து ராவெல்லாம் சொட்டி என் திண்ணையை நனைக்குதே, அதுக்குக் கீழ ஒரு பக்கெட்டு வையி. உப்பே இல்லாத தண்ணி. செடிக்கும் ஆச்சு, திண்ணையும் காயும்.

இன்னா சிரிக்கிறே? சரி, கேட்டுட்டே, சொல்லிடறேன். செடியை உள்பக்கமா வெக்காதே. கேட்டு ஓரமா, வூட்டுச் செவுத்துலேர்ந்து மூணு அடி தள்ளி வையி. மேல கெளை கொஞ்சம் தெருப்பக்கம் சாயட்டும். கீழ வுழுந்த பூவையும் சாமிக்குப் போடலாம்னா பவழமல்லி ஒண்ணைத்தான் சொல்லுவாங்க. தெருவுல வுழுந்தது தெருவுக்குச் சொந்தம்னு ஒன் ஆயா, அதான் என் வூட்டுக்காரி, ஏற்கெனவே கூடை பின்னி வெச்சுட்டா. காலையில அஞ்சரைக்கு ஒன் வாசல்ல சத்தம் கேட்டா திருடன்னு லைட்டைப் போட்டுடாதே.