ரோஸ் கலர் சார்ட்டில் இந்தியப் பெருங்கடல்

இரவு ஒன்பதே கால். இரண்டாவது தோசைக்குச் சட்னி வருமா என்று அடுக்களையைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், ஏழாவது படிக்கும் மகள் சாவகாசமாகச் சொன்னாள்: “அப்பா, நாளைக்கு ஸ்கூலுக்கு ஒரு சார்ட் கொண்டுபோகணும். பண்டைய வணிகப் பாதைகளில் பண்பாட்டுப் பரிமாற்றம்.”

“எப்பச் சொன்னாங்க?”

“போன வாரமே சொல்லிட்டாங்க.”

அவர் பெயர் வேண்டாம். இதை எழுதுகிறவருக்கு ரொம்ப வேண்டியவர். அவர் ஓடிப் போனபோது தெருமுனைக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து கையை நீட்டி வாங்கி வந்ததை வெளிச்சத்தில் பார்த்தால் ரோஸ் கலர். வெள்ளை தீர்ந்துவிட்டதாம்.

வணிகப் பாதை என்றதும் அவருக்குப் பட்டுப் பாதைதான் நினைவுக்கு வந்தது. பட்டுப் பாதை என்றால் ஒட்டகம். அரை மணி நேரம் வரைந்தார். “முதுகு வீங்கின ஆடு மாதிரி இருக்கு,” என்றார் மனைவி. அதற்குள் மகள் போனில் தேடி ஒரு குண்டைப் போட்டாள். ‘பட்டுப் பாதை’ என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் ரிக்தோஃபென் என்ற ஜெர்மானியப் புவியியலாளராம், அதுவும் 1877-இல். ஆக, அந்த வழியில் ஒட்டகம் ஓட்டியவர்களுக்குத் தாங்கள் பட்டுப் பாதையில் போவது தெரியாது. இதற்கெல்லாம் ஒருநாள் சார்ட் கேட்பார்கள் என்பதும் தெரியாது. கொடுத்துவைத்தவர்கள்.

ஒட்டகத்தை அழித்துவிட்டுக் கடலில் இறங்கினார். பண்டைய சேரத் துறைமுகமான முசிறியிலிருந்து எகிப்தின் செங்கடல் துறைமுகங்களுக்கு ஒரு நீலக் கோடு. அந்தத் துறைமுகங்களில் ஒன்றான பெரெனிகேயில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. வயது சுமார் 2,000 ஆண்டு. படித்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரு பிடி மிளகை அள்ளிக் கப்பல் பாதை நெடுக ஃபெவிகால் வைத்து ஒட்டத் தொடங்கினார்.

“மிளகு என்ன விலை விக்குதுன்னு தெரியுமா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ரோமாபுரியில் எழுத்தாளர் பிளினி புலம்பியதும் ஏறக்குறைய இதே ராகம்தான். இந்தியாவுக்கு மட்டும் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்ச் சேர்கிறது என்று அவர் எழுதிவைத்தார். மிளகு வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை. இங்கேயும் ஒட்டுவது நிற்கவில்லை.

அடுத்தது குஸைர் அல்-காதிம். அதுவும் செங்கடல் கரைதான். அங்கே கிடைத்த பானைத் துண்டு ஒன்றில் தமிழ் பிராமியில் இரண்டே சொற்கள். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்துச் சொன்னார்: பானை உறி. ராஜா பெயரில்லை, பட்டப் பெயரில்லை. இது உறியில் தொங்கவேண்டிய பானை, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் நம் ஆளின் தீர்ப்பு உறுதியானது: தங்கக் காசுக் குவியலைவிட இந்தச் சில்லுக்குத்தான் சார்ட்டின் நடு இடம்.

“உறின்னா என்னப்பா?”

“உறின்னா... கிருஷ்ணர் வெண்ணெய் திருடுவார்ல...” அதற்குமேல் ஓடவில்லை.

தூங்கிக்கொண்டிருந்ததாக எல்லோரும் நம்பிய அப்பத்தா எழுந்து உட்கார்ந்தார். “பூனை எட்டக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது. அதுக்குத்தான்டி உறி.” துணி காயப்போடும் நைலான் கயிற்றை எடுத்துவரச் சொல்லி, கீழே ஒரு வளையம், மேலே நாலு பிரி, உச்சியில் ஒரு முடிச்சு என்று இரண்டே நிமிடத்தில் பின்னி, அதில் தண்ணீர்ச் சொம்பை வைத்துத் தூக்கிக் காட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கூகுளில் தேடிய மூவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

கடைசியில் இலங்கைக்கு மூலையில் கையகல இடம்தான் மிஞ்சியது. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்து காலியில் நிறுத்திய 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டை அதில் இடுக்கி எழுதினார்கள். ஒரே கல்லில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. மூன்று மொழிக்கும் ஒரே கல்லில் இடம் பிடித்த அந்தச் சிற்பி, ரோஸ் சார்ட்டையும் ஒரு கை பார்த்திருப்பார்.

படுக்கும்போது மணி ஒன்றரை. காலையில் சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டதும் மிளகு உதிரத் தொடங்கி, பள்ளி ஆட்டோவில் பாதி கொட்டிவிட்டது. அரபிக் கடல் வரை ஒன்றுகூட மிச்சமில்லை. சாயங்காலம் பத்துக்கு ஏழு மதிப்பெண்ணோடு சார்ட் திரும்பி வந்தது. கூடவே ஆசிரியரின் குறிப்பு: “உறி நன்று. அடுத்த திங்கட்கிழமை மாடலாகச் செய்து கொண்டுவரவும்.”

அப்பத்தா நைலான் கயிறு ஆகாது என்கிறார். தேங்காய் நார்க் கயிற்றில் பின்னியதுதான் வேண்டுமாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய உறி ஏதாவது கிடந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லி அனுப்புங்கள்.