பெயர் கழுவும் படலம்

பல்கலைக்கழகத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதா? கவலையை விடுங்கள். அதற்கென்றே இப்போது நிபுணர்கள் இருக்கிறார்கள். தப்பைத் திருத்தச் சொல்லி உங்களைத் தொந்தரவு செய்யவே மாட்டார்கள். கூகுளில் தேடினால் முதல் பக்கத்தில் அது தெரியக்கூடாது, அவ்வளவுதான். மாதாமாதம் பில் வந்துவிடும்.

இந்தக் கலையில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தை மிஞ்ச ஆளில்லை. 2011 நவம்பரில் கட்டண உயர்வை எதிர்த்து, பொருளாதார ஏற்றத்தாழ்வுக்கு எதிரான ஆக்குபை இயக்கத்தோடு சேர்ந்து மாணவர்கள் அங்கே கூடாரம் போட்டார்கள். 18ஆம் தேதி போலீஸ் வந்து பிரித்தெறிந்தது. சிலர் நடைபாதையில் கைகோத்து உட்கார்ந்தார்கள். ஓர் அதிகாரி, தோட்டத்துச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற நிதானத்தோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து அவர்கள் முகத்தில் ஆரஞ்சு நிற மிளகுத் திரவத்தை அடித்தார். சுற்றி நின்றவர்கள் படம் பிடித்தார்கள். உலகமே பார்த்தது. அந்தப் பெரிய டப்பாவைப் பயன்படுத்த அந்தப் போலீசுக்கு அனுமதியும் கிடையாது, பயிற்சியும் கிடையாது என்று பின்னர் விசாரணைக் குழு சொன்னது.

இனி கணக்குக்கு வருவோம். வழக்குப் போட்ட 21 பேருக்குக் கிடைத்தது தலைக்கு 30,000 டாலர். மருந்தடித்த அதிகாரிக்கு, சம்பவத்துக்குப் பின் மனம் புண்பட்டதற்காக, 38,055 டாலர். கண் எரிந்தவனைவிட எரித்தவனின் மனசுக்கு விலை அதிகம்! ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது கூகுளைக் கழுவிய செலவுதான். இணையத்தில் அந்தச் சம்பவத்தையும் வளாகத் தலைவி லிண்டா கட்டேஹிக்கு வந்த கெட்ட பெயரையும் பின்னுக்குத் தள்ள, ஆலோசனை நிறுவனங்களுக்கு அளந்தது குறைந்தது 1,75,000 டாலர். அதில் ஒரு நிறுவனத்துக்கு மாதம் 15,000 டாலர். கட்டணம் உயர்கிறதே என்று கத்திய பிள்ளைகளின் குரலை அமுக்க, ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திடம் இத்தனை பணம் இருந்திருக்கிறது.

பூசி மெழுகியதன் பலன்? 2016 ஏப்ரலில் ‘சாக்ரமெண்டோ பீ’ நாளிதழ் ஒப்பந்தங்களை வெளியே கொண்டுவந்தது. ஊர் மறக்கத் தொடங்கியிருந்த வீடியோவை மறுபடி எல்லாரும் தேடிப் பார்த்தார்கள். வேறு புகார்களும் சேர்ந்துகொள்ள, விசாரணைக்குப் பிறகு ஆகஸ்டில் அம்மையார் பதவி விலகினார். இன்று தேடினால் மருந்தடித்த கதையும் வருகிறது, அதை மறைக்கக் காசு கொட்டிய கதையும் வருகிறது. காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது அவமானம் அது.

நற்பெயருக்கு ஆபத்து என்று கூட்டம் போடும் கல்விமான்களே, ஆபத்து செல்போனிலிருந்து வரவில்லை. உங்கள் உத்தரவிலிருந்து வருகிறது. மாணவன் முகத்தில் மருந்தடிக்காதீர்கள். அடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்டு, பொறுப்பானவரை வெளியே அனுப்புங்கள். இதற்கு நிபுணர் வேண்டாம். கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும்.