செக்கும் செக்குமாடும்

1956 அக்டோபர் 17. நியூயார்க்கின் மார்ஷல் செஸ் கிளப். வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் டொனால்ட் பைர்ன், வயது 26. 1953இல் அமெரிக்க ஓப்பன் பட்டம் வாங்கியவர். எதிரே பாபி ஃபிஷர், வயது 13. சரியாகப் பாதி. பெரியவர்கள் 11 பேர் ஆடிய ஒரு போட்டியில் இந்தப் பையனையும் ஆட விட்டிருந்தார்கள்.

பைர்ன் ஆட்டத்தை நன்றாகத்தான் தொடங்கினார். ஒரே ஒரு குறை, ராஜா இன்னும் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். கோட்டை கட்டி அவரை ஓரமாக உட்கார வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதற்கு வழி செய்யாமல், ஏற்கெனவே வெளியே வந்திருந்த பிஷப்பை 11ஆவது நகர்த்தலில் இன்னொரு முறை கிளப்பிவிட்டார். பிஷப்புக்கு நம்மூரில் மந்திரி என்று பேர் வைத்தவர் தீர்க்கதரிசி. ராஜா வெயிலில் நிற்கிறார், மந்திரி டூர் போகிறார்.

பையன் உடனே ஒரு குதிரையைப் பலகையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். பார்த்தால் இனாம். எடுத்தாலோ, அடுத்த குதிரை நடுவில் பாய்ந்து ராணி, பிஷப் இரண்டையும் ஒன்றாகக் குறிவைக்கும். பைர்ன் விவரமானவர், தொடவில்லை. தொடாமலும் தப்பவில்லை.

17ஆவது நகர்த்தலில்தான் கூத்து. ஃபிஷரின் ராணி அடிபடும் இடத்தில் நிற்கிறாள். பையன் அவளைக் கண்டுகொள்ளாமல் ஒரு பிஷப்பை நிதானமாக நகர்த்தினான். ராணியை விட்டுவிட்டு அந்த பிஷப்பை எடுத்திருந்தால், வெள்ளை ராஜா தன் யானைக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே நகர இடமில்லாமல் ஒரு குதிரையிடம் செத்திருப்பார். பைர்ன் ராணியையே எடுத்தார். விளைவு, வரிசையாக ஐந்து செக். குதிரை போகிறது, வருகிறது. ராஜா இரண்டே கட்டங்களுக்குள் செக்குமாடு மாதிரி சுற்றுகிறார். செக்குக்கும் செக்குமாட்டுக்கும் உறவு கண்டுபிடித்த பெருமை ஃபிஷரையே சேரும்.

இதைத் தியாகம், வீரம் என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ பையன் வட்டிக்கடைக்காரன் மாதிரிதான் தெரிகிறான். ராணியை அடகு வைத்தான். ஒரு யானை, இரண்டு பிஷப், ஒரு சிப்பாய் என்று வசூலித்துவிட்டான். பைர்னின் மிச்ச யானையோ தன் ராஜாவே வழியை மறித்ததால் மூலையில் முடங்கிக் கிடந்தது. அவருடைய ராணி தனியாளாக அலைந்தாள்.

தோற்றது தெரிந்ததும் எழுந்து கை கொடுப்பதுதான் வழக்கம். பைர்ன் எழவில்லை. சின்னப்பையனுக்குச் செய்யும் மரியாதை என்று 41ஆவது நகர்த்தலில் செக்மேட் வாங்கும்வரை உட்கார்ந்திருந்தார். இந்தக் கதையில் பெரிய மனுஷர் அவர்தான். செஸ் எழுத்தாளர் ஹான்ஸ் க்மோக் இதை ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்று எழுதினார். நூற்றாண்டு முடிய இன்னும் 44 வருஷம் பாக்கி இருந்தது, அவருக்கு அவசரம்.

அந்தப் போட்டியில் ஃபிஷர் எடுத்தது 11க்கு 4½. ஏழு வருஷம் கழித்து, 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில், 11க்கு 11. அதில் ஒரு பலி டொனால்டின் அண்ணன் ராபர்ட் பைர்ன். அவர் செக்மேட்டுக்குக் காத்திருக்கவில்லை. 21ஆவது நகர்த்தலிலேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.