அத்தைக்கு, ஜிலேபி விவகாரமாக

தேரா, துபாய்

அன்புள்ள அத்தைக்கு,

ஒகேனக்கலில் தண்ணீர் எப்படி? பரிசல் ஓடுகிறதா, உங்கள் மீன் கடையில் கல் காய்கிறதா?

நான் ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். பயிற்சி கொடுப்பவர் எகிப்துக்காரர். ஆளுக்குக் கழுத்தே கிடையாது, தோளில் நேராகத் தலை. என்னை நிறுத்துப் பார்த்து, 62 கிலோவுக்கு நாளைக்கு 100 கிராம் புரதம் வேண்டும் என்றார். களி தின்று வளர்ந்த உடம்பு என்றேன். களி என்றால் என்னவென்று சைகையில் விளக்குவதற்குள் ஜிம் மூடும் நேரமாகிவிட்டது.

முட்டை ஒன்றுக்கு 6 கிராம்தான். நாளைக்குப் பதினாறு முட்டை தின்றால் அறையில் மற்ற ஐந்து பேரும் என்னைப் பாயோடு வெளியே தூக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே மீன்.

பழைய தேரா மீன் சந்தையை எடுத்துவிட்டு 2017இல் வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட் திறந்திருக்கிறார்கள். மீன் சந்தைக்கு ஏசி, அத்தை! ஒரு ஈ இல்லை. ஈ இல்லாத இடத்தில் மீன் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. உள்ளே வஞ்சிரமும் ஹமூரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஐஸில் சாய்ந்து கிடந்தன. விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா நலம் விசாரித்தவன்போல நகர்ந்தேன். இத்தனைக்கும் 100 கிராம் சதையில் வஞ்சிரத்துக்கும் 20 கிராம் புரதம்தான், மத்திக்கும் ஏறக்குறைய அதேதான். சூரைக்குக் கொஞ்சம் கூடுதல். போதாததற்கு வஞ்சிரம் மாதிரிப் பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று தின்று பாதரசம் சேர்த்துக்கொள்ளுமாம்.

ஜிலேபி மீனும் மலிவாகக் கிடைத்தது. அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது: "தலைக்கும் செதிலுக்கும் காசு குடுக்காதடா." உண்மைதான். ஜிலேபியைச் சுத்தம் செய்தால் கிலோவில் மூன்றில் ஒரு பங்குதான் சதை. மத்தியை நன்றாக வேகவைத்தால் முள்ளோடு மெல்லலாம், சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஒரு கிலோ மத்தி, அரைக் கிலோ ஜிலேபி வாங்கினேன்.

எகிப்துக்காரர் சொன்னபடி முதல் நாள் மத்தியை உப்பு, காரம், எண்ணெய் எதுவும் இல்லாமல் அவித்தேன். ஈரச் சாக்கை மெல்வது போலிருந்தது. இரண்டாம் நாள் பொறுக்கவில்லை. ஜிலேபியை மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை போட்டுப் பிசறி, இரவு பத்து மணிக்குக் கல்லில் போட்டேன். வாசனை மாடி முழுக்கப் பரவியிருக்கும் போல. கதவை யாரோ தட்டினார்கள். சண்டைக்குத்தான் என்று கரண்டியோடு திறந்தேன். பக்கத்து அறை பிலிப்பைன்ஸ்காரர், கையில் சோற்றுத் தட்டு.

மறுநாள் வறுத்த ஜிலேபியை ஜிம்முக்கு எடுத்துப் போனேன். "புல்தி!" என்று கத்தினார் எகிப்துக்காரர். நைல் நதியில் அது அவர்கள் வீட்டு மீனாம். நம் ஆற்று ஜிலேபியும் ஆப்பிரிக்க வம்சம்தானே, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டது. விசா இல்லாமல் வந்து காவிரியில் குடும்பம் நடத்துகிறது. நான் இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விசாவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். நாலு துண்டு தின்றுவிட்டு வாயைத் துடைத்தபடி அவர் சொன்னார், "எண்ணெய் கூடாது."

அடுத்த மாதம் பென்னாகரத்திலிருந்து பெரியப்பா மகன் வருகிறான். உங்கள் மீன் மசாலா இரண்டு கிலோ கொடுத்தனுப்புங்கள். பெட்டி எடை கூடுது என்பான். விடாதீர்கள். ஒரு கிலோ எகிப்துக்காரருக்கு.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்